அனுப்பியவளின் பெயரில் ஒரு கணக்கு

இலங்கை மத்திய வங்கியின் ஆளுநர் அவர்களுக்கும், இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் தலைவர் அவர்களுக்கும்,

வணக்கம்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் உள்ள ஒரு கிராமத்து மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். குவைத்துக்கும் சவூதிக்கும் ஓமானுக்கும் வீட்டுப் பணிப்பெண்களாகப் போகிறவர்களுக்கு விண்ணப்பப் படிவங்களை நிரப்பிக் கொடுப்பதும், அவர்கள் போன பின்பு பிள்ளைகளின் பாடசாலையிலிருந்து வரும் கடிதங்களை வீட்டாருக்கு வாசித்துச் சொல்வதும், பணம் வந்துவிட்டதா என்று பார்க்க வயதான தாய்மாருக்குத் துணையாக வங்கிக்குப் போவதும் எங்கள் சங்கத்தார் வழக்கமாகச் செய்யும் வேலைகள். மாதந்தோறும் ஒரே தொகையாகக் கூட்டி நீங்கள் வெளியிடும் பணத்தை, வீடு வீடாகப் பிரிந்து வந்து சேருமிடத்தில் நாங்கள் பார்க்கிறோம்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் உழைக்கும் பெண்ணின் பணம் வங்கி வழியாகத்தான் வரவேண்டும் என்று வற்புறுத்துகிற அரசு, அதில் ஒரு பகுதியேனும் அவளுடைய பெயரில், அவள் மட்டுமே எடுக்கக்கூடிய கணக்கில் சேர்வதற்கு வழி செய்ய வேண்டும்.

அந்தப் பணத்தின் அளவு பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இம்மடலை வாசிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 2024 ஆம் ஆண்டில் வெளிநாடுகளில் தொழில் புரிவோர் இந்நாட்டுக்கு அனுப்பியது ஏறத்தாழ 6.57 பில்லியன் டொலர். அதே ஆண்டில் ஆடை ஏற்றுமதியால் கிடைத்தது 5 பில்லியன் அளவில்தான். சுற்றுலாத்துறை ஈட்டியது 3 பில்லியனைச் சற்றே தாண்டியது. ஏற்றுமதியைவிட இறக்குமதிக்குக் கூடுதலாகச் செலவான 6 பில்லியன் அளவிலான தொகையை முழுவதுமாக ஈடுசெய்யப் போதுமானதாக இருந்தது, எங்கோ ஓர் அரபு வீட்டின் சமையலறையிலும் கட்டட வேலைத்தளத்திலும் சம்பாதிக்கப்பட்ட இந்தப் பணம். (இதை அனுப்புகிறவர்களுக்கு அங்கிருந்தபடியே இந்நாட்டுத் தேர்தலில் வாக்களிக்க இன்னும் வழியில்லை, அது வேறொரு மடலுக்கான விடயம்.) 1990களின் நடுப்பகுதியில் வெளிநாட்டு வேலைக்குப் போனவர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெண்கள். இன்று போகிறவர்களில் ஆண்களே அதிகம் என்றாலும், எங்கள் பக்கத்துக் கிராமங்களில் கடவுச்சீட்டு எடுக்க வரிசையில் நிற்கிறவர்கள் பெரும்பாலும் பெண்களாகவே இருக்கிறார்கள். சிலர் நுண்கடன் தவணையைக் கட்ட முடியாமல் போகிறார்கள். சிலர் தங்கைக்கு அல்லது மகளுக்குச் சீதன வீடு கட்டப் போகிறார்கள்.

2021, 2022 ஆம் ஆண்டுகளில் நடந்ததை நீங்கள் எங்களைவிட நன்கு அறிவீர்கள். ஆயினும் எங்கள் வீடுகளில் அது எப்படித் தெரிந்தது என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. 2020 இல் 7.1 பில்லியன் டொலராக இருந்த வரவு 2021 இல் 5.49 பில்லியனாகவும், 2022 இல் 3.79 பில்லியனாகவும் விழுந்தது. பிள்ளைகளுக்குப் பணம் அனுப்புவதைத் தாய்மார் நிறுத்திவிட்டார்கள் என்பது இதன் பொருளல்ல. ஒரு டொலரின் பெறுமதி 200 ரூபாயை ஒட்டியே பிடித்து வைக்கப்பட்டிருந்த அந்த மாதங்களில், வங்கிக்கு வெளியே அதற்கு 240 ரூபாய்க்கும் மேல் கொடுத்தார்கள். மாதம் 1,000 சவூதி ரியால் வாங்கும் பெண் அதை வங்கி வழியாக அனுப்பினால் வீட்டுக்கு ஏறத்தாழ 54,000 ரூபாய் கிடைத்தது. உண்டியல்காரரிடம், அதாவது வங்கியைத் தொடாமல் அங்கே பணத்தை வாங்கி இங்கே ஆள் மூலம் கொடுப்பவரிடம், கொடுத்தால் 64,000 ரூபாய் கிடைத்தது. பால்மாவுக்கும் எரிவாயுவுக்கும் மக்கள் வரிசையில் நின்ற காலத்தில் 10,000 ரூபாயை நாட்டுக்காக விட்டுக்கொடு என்று அவளிடம் கேட்கப்பட்டது.

வங்கி வழியாக அனுப்புமாறு வேண்டுகோள்கள் வந்தன. உண்டியலுக்குப் பயன்படும் கணக்குகள் முடக்கப்படும் என்ற எச்சரிக்கையும் வந்தது. ஒரு டொலருக்கு 2 ரூபாயாக இருந்த ஊக்கத்தொகை 2021 டிசம்பரில் 10 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 1,000 ரியாலுக்குக் கணக்குப் பார்த்தால் அது 2,700 ரூபாய்கூட இல்லை, இடைவெளியில் கால்பங்குதான். ஆகவே பணம் வரவில்லை. 2022 மார்ச்சில் ரூபாயின் பெறுமதியைப் பிடித்து வைப்பது கைவிடப்பட்டு, அது மிதக்கவிடப்பட்டு, வங்கி விலையும் வெளிவிலையும் மெல்ல மெல்ல நெருங்கிய பிறகு, பணம் வங்கிக்குத் திரும்பியது; 2023 இல் 5.97 பில்லியன். உண்டியலில் அனுப்பியவர்களை நாட்டுப்பற்று இல்லாதவர்கள் என்று அந்நாட்களில் பேசியவர்கள், இந்த எண்களை ஆண்டு வரிசையில் வைத்து ஒருமுறை பார்க்க வேண்டும்.

உண்டியலை நியாயப்படுத்த நான் வரவில்லை. ஆனால் அது ஏன் இன்னும் சாகவில்லை என்பதை அறிய வேண்டுமானால் அது வேலை செய்யும் விதத்தைப் பார்க்க வேண்டும். இங்குள்ள தாய் தன் கையிலிருக்கும் ஒரு ரூபாய்த் தாளின் இலக்கத்தைத் தொலைபேசியில் மகளுக்குச் சொல்கிறாள். மகள் அதை அங்குள்ள ஆளிடம் பணத்தோடு சேர்த்துக் கொடுக்கிறாள். அன்று மாலையே மோட்டார் சைக்கிளில் வரும் இளைஞன் அந்தத் தாளை வாங்கி இலக்கத்தை ஒத்துப் பார்த்துவிட்டு, வாசற்படியிலேயே பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போகிறான். படிவமில்லை, அடையாள அட்டைப் பிரதியில்லை, பஸ்ஸுக்குக் காத்திருப்பதும் ஒருநாள் கூலியை இழப்பதும் இல்லை. குறை ஒன்றே ஒன்று, ஆனால் பெரிய குறை: அவள் அனுப்பினாள் என்பதற்கு உலகத்தில் ஒரு சான்றும் மிஞ்சுவதில்லை. பத்து ஆண்டு உழைப்பு, தாள் இலக்கங்களோடு போய்விடுகிறது.

வங்கி வழியில் சான்று இருக்கும் என்று நீங்கள் சொல்வீர்கள். இருக்கிறதுதான், ஆனால் அது யாருடைய சான்று?

வீட்டுப் பணிப்பெண்களில் பலருக்கு வாராந்த விடுமுறை கிடையாது. கடவுச்சீட்டு எஜமானிடம், இகாமா எனப்படும் வதிவிட அனுமதி அட்டையும் சில வீடுகளில் அவரிடமே. நாணயமாற்று நிலையத்துக்குத் தானாகப் போய்ப் பணம் அனுப்பக்கூடிய பெண் எங்கள் ஊர்க்காரிகளில் கொடுத்து வைத்தவள். மற்றவர்களுக்காக எஜமானோ, அவருடைய மகனோ, சாரதியோ போய் அனுப்புகிறார்கள். எங்கள் கிராமத்துப் பெண்ணொருவர் குவைத்திலிருந்து திரும்பி வந்தபோது கொண்டுவந்த பற்றுச்சீட்டுகளை ஒருநாள் எங்கள் முன்னால் விரித்து வைத்தார். ஒரு பிஸ்கட் டின் நிறைய இருந்தன. பழையவற்றில் மை முழுவதும் மங்கி வெறும் வெள்ளைத் தாளாகிவிட்டது. வாசிக்க முடிந்தவற்றில் அனுப்பியவர் பெயராக எஜமானின் பெயர் அரபியில் இருந்தது. பெறுபவர் பெயராகக் கணவரின் பெயர் ஆங்கிலத்தில் இருந்தது. உழைத்தவரின் பெயர் ஒரு சீட்டிலும் இல்லை. அவருடைய கணவர் அப்போது வேறொரு குடும்பத்தோடு இருந்தார். அனுப்பிய பணத்துக்குக் கணக்கறிக்கை கேட்டு அந்தப் பெண் வங்கிக் கிளைக்குப் போனார். கணக்கு அவருடையதல்ல என்பதால் ஒன்றும் கொடுக்க முடியாது என்று அங்கிருந்த உத்தியோகத்தர், மரியாதையாகவே, சொல்லி அனுப்பிவிட்டார். சட்டப்படி அந்த உத்தியோகத்தர் செய்தது சரி. அதுதான் என்னை இந்த மடலை எழுத வைத்தது: எல்லோரும் சரியாகவே நடந்துகொண்டும், உழைத்தவள் கையில் ஒன்றுமில்லாமல் நிற்க முடிகிறது.

வீடாவது மிஞ்சுகிறதே என்பார்கள். கிழக்கில் வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார் என்பது தமிழர்களிடமும் முஸ்லிம்களிடமும் உள்ள வழக்கம். அதனால் வெளிநாட்டுப் பணத்தில் கட்டிய வீடு பெண்ணிடமே இருக்கும் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பதுண்டு. ஆனால் படுவான்கரையின் காணிகளில் பெரும்பகுதி சொந்த உறுதியுள்ள உறுதிக்காணி அல்ல, அரசு அனுமதிப்பத்திரம் கொடுத்துக் குடியிருக்க விட்ட அனுமதிப்பத்திரக் காணி. அந்த அனுமதிப்பத்திரம் பெரும்பாலும் குடும்பத் தலைவர் என்ற பெயரில் தந்தைக்கோ கணவருக்கோ எழுதப்பட்டது. கல்லும் சீமெந்தும் கம்பியும் அவள் காசு. நிலம் இன்னொருவர் பெயரில். மேலே மாடி எழுப்பலாம் என்ற எண்ணத்தில் கம்பிகளை நீட்டி விட்ட பாதி வீடுகளை எங்கள் வீதிகளில் வரிசையாகக் காணலாம். அவற்றில் எத்தனையில் அவளுக்குச் சட்ட உரிமை இருக்கிறது என்று பிரதேச செயலகத்துக் காணிக் கிளையில் கேட்டால் தெரியும்.

உள்நாட்டில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண்ணுக்கு இந்த நிலை முழுவதுமாக வருவதில்லை. அவளுடைய சம்பளத்தில் 8 வீதமும் தொழில்தருநரிடமிருந்து 12 வீதமும் ஊழியர் சேமலாப நிதியில் அவள் பெயரில் சேர்கின்றன; கணவர் கேட்டாலும், தம்பி கேட்டாலும், அவளே ஆசைப்பட்டாலும், நினைத்த மாதத்தில் அதை எடுக்க முடியாது. கைக்கு எட்டாமல் இருப்பதே அந்தப் பணத்தின் பாதுகாப்பு. அந்த நிதியின் கணக்குகளைப் பேணுவதும் மத்திய வங்கிதான் என்பதால் இதை நான் விளக்க வேண்டியதில்லை. கொரியாவுக்குப் போகும் எங்கள் பையன்களைப் பாருங்கள். 2004 இல் கையெழுத்தான உடன்படிக்கையின் கீழ் அங்கே போகிறவர்களுக்காகத் தொழில்தருநர் மாதந்தோறும் கட்ட வேண்டிய காப்புறுதி ஒன்றிருக்கிறது. நாடு திரும்பும்போது அது மொத்தத் தொகையாகத் தொழிலாளியின் பெயரிலேயே வருகிறது. கொரியாவிலிருந்து திரும்புகிறவன் ஒரு கடையோ வாகனமோ வாங்குவதும், குவைத்திலிருந்து திரும்புகிறவள் ஆறு மாதத்தில் மறுபடி முகவரைத் தேடுவதும் அவரவர் கெட்டித்தனத்தால் மட்டும் வந்த வேறுபாடல்ல. சம்பள வேறுபாடு ஒரு காரணம். ஒருவனுக்குப் பணம் ஒதுக்கி வைக்கப்பட்டது, மற்றவளுக்கு யாரும் ஒதுக்கி வைக்கவில்லை என்பது அடுத்த காரணம்.

இனி என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன்.

போவதற்கு முன்பு வங்கிக் கணக்குத் திறக்குமாறு பயிற்சியின்போது சொல்லப்படுவதை அறிவோம். ஆனால் சொல்வது வேறு, திறந்த கணக்கு வேலை செய்வது வேறு. அவள் திறந்து வைத்துப் போகும் கணக்கில் பணம் விழுவதில்லை. ஏனென்றால் வீட்டுச் செலவுக்கு மாதாமாதம் பணம் எடுக்க வேண்டியவர் இங்கே இருப்பவர். அங்கிருந்து இரண்டு இடத்துக்குத் தனித்தனியாக அனுப்பினால் கட்டணத்தை இரண்டு முறை கொடுக்க வேண்டும். எவ்வளவு சிறிய தொகை அனுப்பினாலும் பெரும்பாலும் ஒரே கட்டணம் அறவிடப்படுவதால், குறைந்த சம்பளக்காரிக்கே அது கூடுதலாகச் சுடும். ஆகவே பிரிக்கும் வேலை இங்குள்ள வங்கியிலேயே நடக்க வேண்டும். அவள் பெயரில் வரும் பணத்தில், அவள் புறப்படுமுன் எழுதிக் கொடுத்த அளவு, அது 10 வீதமோ 20 வீதமோ, அவளுடைய கணக்கில் நின்றுவிட்டு, மீதி அன்றைக்கே குடும்பத்தார் கணக்குக்குப் போய்விட வேண்டும். வங்கிகளுக்கு இது நிலையான கட்டளை ஒன்றைப் பதிவு செய்யும் வேலை. புதிய சட்டம் தேவைப்படும் காரியமாக எனக்குத் தெரியவில்லை. அனுப்புகிறவர் எஜமானாக இருந்தாலும் பெறுபவரின் பெயர் அவளுடையதாக இருக்கும் என்பதால், பிஸ்கட் டின்னில் மை மங்கிப்போகும் சான்று வங்கியின் பதிவேட்டில் மங்காமல் இருக்கும்.

அந்தப் பங்கை டொலரிலேயே வைத்திருக்க அவளுக்கு இடம் கொடுங்கள். தனிப்பட்ட வெளிநாட்டு நாணயக் கணக்குகள் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றைப் பற்றி எங்கள் பெண்களுக்கு யாரும் தமிழில் விளங்கச் சொன்னதில்லை. 2021 இல் 1,000 டொலரை ரூபாயாக மாற்றிச் சேமித்தவளிடம் 2 இலட்சம் ரூபாய் இருந்தது. அதை டொலராகவே விட்டு வைத்திருந்தவளிடம் 2022 நடுப்பகுதியில் ஏறத்தாழ 3 இலட்சத்து 60 ஆயிரம் ரூபாய்க்குச் சமமான பணம் இருந்தது. விலைவாசி ஓராண்டில் 70 வீதம் அளவுக்கு ஏறிய அந்தக் காலத்தில் முதலாமவளின் சேமிப்பு என்னவாயிற்று என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. டொலர் நாட்டுக்குள் நிற்பது உங்களுக்கும் நல்லதுதானே.

ஊக்கத்தொகையையும் இதே இடத்தில் வையுங்கள். 2021 இல் கொடுத்தது போல, அனுப்பப்படும் ஒவ்வொரு டொலருக்கும் சில ரூபாய் என்று பரவலாகத் தூவினால், அது யாருடைய கணக்கில் பணம் விழுகிறதோ அவருக்குத்தான் போய்ச் சேர்கிறது. உழைத்தவளுக்கு அப்படி ஒன்று வந்ததே தெரியாது. அதே செலவில், அவளுடைய தனிக் கணக்கில் நிற்கும் தொகைக்கு மட்டும் கூடுதல் வட்டி கொடுத்தால், பணம் வங்கி வழியாக வருவதற்கு அவளுக்கே சொந்தமான ஒரு காரணம் கிடைக்கும். உண்டியல்காரரால் கொடுக்க முடியாத பொருள் அது ஒன்றுதான். விலையில் அவர் உங்களோடு போட்டி போடுவார், வேகத்தில் வெல்வார், வீட்டு வாசல் வரை வருவார். பத்து ஆண்டுக்குப் பிறகு அவளுக்கென்று ஒரு சேமிப்பைக் காட்ட அவரால் முடியாது.

பணம் வந்த செய்தி அவளுடைய கைப்பேசிக்கு, அவள் இருக்கும் நாட்டு இலக்கத்துக்கு, தமிழிலோ சிங்களத்திலோ அவள் வாசிக்கும் மொழியில் போக வேண்டும். எந்த விலையில் மாற்றப்பட்டது, கட்டணம் எவ்வளவு, அவள் கணக்கில் நின்றது எவ்வளவு, வீட்டுக்குப் போனது எவ்வளவு என்ற நான்கு எண்கள் போதும். பணம் அனுப்பும் செலவை 2030 இற்குள் 3 வீதத்துக்குக் கீழே கொண்டுவருவதாக உலக நாடுகள் ஐக்கிய நாடுகளில் ஒப்புக்கொண்ட இலக்கு ஒன்றிருக்கிறது. குவைத்திலிருந்தும் சவூதியிலிருந்தும் எந்த வழியில் எவ்வளவு அறவிடப்படுகிறது என்பதை ஒரே பக்கத்தில் ஒப்பிட்டு மாதாமாதம் நீங்கள் வெளியிட்டால், எஜமானின் மகனிடம் எங்கே அனுப்பச் சொல்ல வேண்டும் என்பதாவது அவளுக்குத் தெரியும்.

இதற்கு எழக்கூடிய மறுப்பையும் அறிவேன். பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு இங்கே இருக்கும் ஆண்களையெல்லாம் குடிகாரர்களாகவும் ஊதாரிகளாகவும் நான் காட்டுவதாகச் சிலர் நினைக்கலாம். அப்படியல்ல. விடியற்காலையில் எழுந்து சமைத்து, மகளுக்குத் தலைபின்னி, பாடசாலைக்கு அனுப்பிவிட்டு வயலுக்குப் போகும் தகப்பன்மார் எங்கள் கிராமத்தில் இருக்கிறார்கள். பேரப்பிள்ளைகளை வளர்க்கும் அம்மம்மாமாரோ, தங்கள் மருந்துக்குக்கூட அந்தப் பணத்தைத் தொடக் கூசுகிறார்கள். குடும்பத்துக்குப் போகும் பணத்தை நிறுத்தும்படி நான் கேட்கவில்லை. நல்ல கணவருக்கு இந்த ஏற்பாட்டால் ஒரு நட்டமும் இல்லை. ஊர்க் கடனுக்கும் உறவினர் கேட்கும் கைமாற்றுக்கும் இல்லையென்று சொல்ல அவருக்கே இது ஒரு சாட்டாக உதவும்.

ஒன்றை மட்டும் மிகவும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கணக்கைப் போவதற்கு முன் காட்ட வேண்டிய இன்னொரு பத்திரமாக ஆக்கிவிடாதீர்கள். 2013 இல், வெளிநாடு போகும் பெண் தன் குடும்ப நிலை பற்றி முன்கூட்டியே பெற்றுக் காட்ட வேண்டிய குடும்பப் பின்னணி அறிக்கை வந்தபோது, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய்மார் போகக்கூடாது என்று விதிக்கப்பட்டது. பிள்ளைகளின் நன்மைக்கென்றுதான் அது கொண்டுவரப்பட்டது. ஆனால் கடன்காரர் வாசலில் நின்ற பெண்கள் போவதை அது நிறுத்தவில்லை. உபமுகவர்களுக்குக் காசு கொடுத்துச் சுற்றுலா விசாவில் போனார்கள். பதிவில்லாமல் போனதால் பிரச்சினை வந்தபோது பணியகத்தின் காப்புறுதியும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. பெண்களின் நன்மைக்கென்று செய்யப்படும் எந்த ஏற்பாடும் அவர்களைத் தடுத்து நிறுத்தும் படலையாக மாறினால், அவர்கள் வேலியைப் பிய்த்துக்கொண்டு போவார்கள். இந்தக் கணக்கு பதிவோடு சேர்ந்து தானாகத் திறக்கப்பட வேண்டும். வேண்டாம் என்கிறவள் எழுதிக் கொடுத்து விலகலாம். அந்த விலகல் கடிதம் கணவரோ தகப்பனோ பக்கத்தில் இல்லாமல், அவளிடம் தனியாகப் பெறப்பட வேண்டும்.

இதற்கு வேண்டிய ஆட்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். பிரதேச செயலகங்களில் வெளிநாட்டு வேலைவாய்ப்புக்கென அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் கடமையாற்றுகிறார்கள். படிவத்தை அவர்கள் வழியாகவே நிரப்பலாம். நாடு முழுவதும் ஒரே நாளில் தொடங்க முடியாதென்றால், மட்டக்களப்பு மாவட்டத்தில் இரண்டு பிரதேச செயலகப் பிரிவுகளில், வாவிக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக, ஓராண்டுக்கு நடத்திப் பாருங்கள். அந்த ஓராண்டில் எத்தனை பெண்கள் சேர்ந்தார்கள், எத்தனை பேர் விலகினார்கள், எவ்வளவு தொகை நின்றது என்பதை வெளியிடுங்கள். எங்கள் பிரிவைத் தெரிவு செய்தால், படிவங்களை விளக்கவும், ஏற்கெனவே அங்கே இருக்கும் பெண்களோடு தொலைபேசியில் பேசி அவர்களையும் சேர்க்கவும் எங்கள் சங்கத்தார் கூலி கேளாமல் முன்வருவார்கள். வரும் மாதக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக எடுத்து, அதன் பிரதியைப் பிரதேச செயலாளர் ஊடாக உங்கள் இருவருக்கும் அனுப்பி வைக்கிறோம்.

இங்ஙனம்,
செயலாளர்,
மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம்,
படுவான்கரை, மட்டக்களப்பு.